கேலன் ஊருக்கு ஒரு பயணம்: இஸ்மிர், பெர்காமா, மனிசா, இஸ்தான்புல்

சனி, இஸ்மிர்

இந்தப் பயணம் ஒரே ஒரு ஆளுக்காக. கேலன். கி.பி. 129ல பெர்காமோன்ல (இப்ப துருக்கியில இருக்கற பெர்காமா) பொறந்த கிரேக்க டாக்டர். ஹிப்போகிரட்டீஸ் பேரு எல்லாருக்கும் தெரியும், டாக்டருங்க எடுக்குற உறுதிமொழின்னு ஒண்ணு இருக்குல்ல அதனால. ஆனா நடைமுறையில சுமார் 1300 வருஷம் ஐரோப்பாவுலயும் அரபு நாடுகள்லயும் மருத்துவம் படிச்சவங்க கையில இருந்தது கேலன் எழுதினதுதான், ஹிப்போகிரட்டீஸையே இவரு போட்ட உரைய வச்சுத்தான் புரிஞ்சுக்கிட்டாங்க. இவ்வளவு பெரிய ஆளப் பத்தி நம்ம ஊர்ல பேச்சே கிடையாதுன்னு எனக்கு ரொம்ப நாளா ஆதங்கம்.

நான் சர்ஜரி வார்டுல ஸ்டாஃப் நர்ஸ். காலைல இருந்து சாயங்காலம் வரை புண்ணு, தையல், டிரெஸ்ஸிங். அதனால கிளாடியேட்டர்களுக்கு, அதாவது ரோமானிய அரங்குல ஆயுதத்தோட சண்டை போட்டவங்களுக்கு, கட்டுப்போட்ட டாக்டர்னு இவரைப் பத்தி எங்கயோ படிச்சதுல இருந்து மனசுல ஒட்டிக்கிட்டாரு. தம்பி இங்க இஸ்மிர்ல வேலை பாக்குறான், "அக்கா, நீ லீவு மட்டும் போடு, மத்தது நான் பாத்துக்கறேன்"னு சொன்னான், கிளம்பிட்டேன்.

இஸ்மிரோட பழைய பேரு ஸ்மிர்னா. கேலனோட அப்பா நிக்கோன் ஒரு கட்டடக்கலைஞர், வசதியான ஆளு. பையனுக்கு 16 வயசு இருக்கும்போது கிரேக்கர்களோட வைத்திய சாமி அஸ்க்லேபியஸ் கனவுல வந்து மருத்துவம் படிக்க வைன்னு சொல்லிச்சாம், அதுக்கப்புறம் காசைப் பாக்காம படிக்க வச்சாரு. எந்த ஒரு குருவோட கட்சியிலயும் அவசரப்பட்டு சேர்ந்துடாத, எல்லாரையும் கேளு, சோதிச்சுப் பாருன்னு அப்பா சொன்னதை கேலன் வயசான காலத்துலயும் நன்றியோட எழுதியிருக்காரு. அந்த அப்பா இவருக்கு 19 வயசு ஆகும்போது போய்ட்டாரு. அப்புறம் பெலோப்ஸ்ங்கிற ஆசிரியர்கிட்ட படிக்க இந்த ஊருக்குத்தான் வந்தாரு, இங்க இருந்து கொரிந்து, அப்புறம் அலெக்சாண்ட்ரியா.

சாயங்காலம் பழைய அகோராவுக்கு (சந்தைச் சதுக்கம்) போனோம். நகரத்துக்கு நட்டநடுவுல, அபார்ட்மெண்டுகளுக்கு இடையில இருக்கு. தரைக்கு அடியில வரிசையா கல்வளைவுகள், வெளிய வெயில் சுடச்சுட இருக்க உள்ள குளுகுளுன்னு இருக்கு, ஒரு மூலையில கல் வாய்க்கால்ல தண்ணி இன்னும் ஓடிக்கிட்டிருக்கு. இப்ப நிக்கிறது 178 பூகம்பத்துக்கு அப்புறம் பேரரசர் மார்கஸ் அவுரேலியஸ் உதவியோட திரும்பக் கட்டினது. ஒரு வளைவுல அவரு மனைவி ஃபவுஸ்டினா முகம் செதுக்கியிருக்கு. பின்னாடி அந்த மார்கஸ் அவுரேலியஸுக்கே அரண்மனை வைத்தியரா ஆனவரு கேலன்.

ஞாயிறு, பெர்காமா

காலைல அலியாகா வரை இஸ்பான் ட்ரெயின், அங்கிருந்து பஸ். பக்கிர்ச்சாய் ஆத்துச் சமவெளி வழியெல்லாம் ஆலிவ் தோப்பும் பருத்திக் காடும். பெர்காமா சின்ன டவுன்தான், ஆனா எந்தத் தெருவுல நின்னு நிமிந்தாலும் மலை மேல பழைய கோட்டை தெரியுது. பையை ரூம்ல போட்டுட்டு நேரா அஸ்க்லேபியோன்.

அஸ்க்லேபியோன்னா அஸ்க்லேபியஸ் கோயில், கூடவே வைத்தியசாலை, தங்குமிடம், தியேட்டர், லைப்ரரி எல்லாம் ஒரே வளாகத்துல. பக்கத்துல ராணுவ முகாம் இருக்கு, அந்தப் பக்கம் போட்டோ எடுக்கக் கூடாதுன்னு போர்டு. உள்ள நுழைஞ்சதும் ரெண்டு பக்கமும் தூண் வச்ச கல்பாதை, ஊர்ல இருந்து நோயாளிங்க நடந்து வந்த வழி இதுதான். சக்கரம் போன தடம் மாதிரி கல்லுல தேய்மானம். முற்றத்துல ஒரு சின்னத் தூண், ரெண்டு பாம்பு எதிரும் புதிருமா செதுக்கியிருக்கு. கிட்டப் போய் பாத்தேன், செதில் கூட கொஞ்சம் தெரியுது.

இங்க வர்றவங்க முதல்ல ஊத்துத் தண்ணியில குளிப்பாங்க, அப்புறம் கோயில்லயே படுத்துத் தூங்கணும். கனவுல சாமி வந்து என்ன செய்யணும்னு சொல்லும், காலைல அதைக் கேட்டு வைத்தியம். பத்தியம், நடை, குளியல், சேத்துப் பூச்சு, சில சமயம் ரத்தம் எடுக்குறது. ஏலியஸ் அரிஸ்டைடீஸ்னு ஒரு பேச்சாளர் 140கள்ல இங்க நோயாளியா வந்து மாசக்கணக்குல தங்கி, கண்ட கனவையெல்லாம் எழுதி வச்சிருக்காரு, கடுங்குளிர்ல ஆத்துல குளிச்சது வரைக்கும். அப்ப சின்னப் பையன் கேலன் இதே ஊர்ல வளர்ந்துக்கிட்டு இருந்தாரு, வாரம் வாரம் இந்தப் பாதையில எத்தனை நோயாளிங்களைப் பாத்திருப்பாரோ.

சாகுற நிலையில இருக்கறவங்களையும் பிரசவத்துக்கு நாள் நெருங்கினவங்களையும் உள்ள விடமாட்டாங்கன்னு கைடுங்க சொல்றாங்க. புனித எல்லைக்குள்ள சாவும் பிறப்பும் நடக்கக் கூடாதுன்னு கிரேக்கக் கோயில்கள்ல இருந்த வழக்கம்தான் அது. எனக்கு அதைக் கேட்டப்ப மனசு கஷ்டமாப் போச்சு. எங்க வார்டு வாசல்ல அப்படி யாரையும் திருப்பி அனுப்புறத நெனச்சுக்கூட பாக்க முடியல, ரொம்ப முடியாதவங்களுக்குத்தானே முதல் கட்டில்.

வட்டமான அஸ்க்லேபியஸ் கோயிலோட அடித்தளம் மட்டும் இப்ப இருக்கு. ரோம்ல இருக்கற பாந்தியன் மாதிரியே சின்னதா, குவிமாடம் வச்சு, ரூஃபினஸ்ங்கிற கான்சுல் (ரோமோட உயர் பதவிக்காரர்) கட்டினது. அந்த ரூஃபினஸ் கூட வந்து இங்க தங்கியிருந்த சாட்டிரஸ்தான் கேலனுக்கு முதல்ல உடற்கூறு சொல்லிக்கொடுத்தவர்னு கேலனே எழுதியிருக்காரு. அதாவது இந்த வளாகத்துல கட்டட வேலை நடந்துக்கிட்டிருந்த நேரம் இவரு மாணவன். பக்கத்துல தரைக்கு அடியில நீளமா ஒரு சுரங்கப்பாதை, முற்றத்துல இருந்து சிகிச்சைக் கட்டடத்துக்குப் போறது, மேல வரிசையா ஓட்டை, ஒவ்வொண்ணுலயும் வெளிச்சம் சதுரமா விழுது. நானும் தம்பியும் அதுல ரெண்டு தடவை போய் வந்தோம்.

கேலன் கனவை நம்பாத ஆளு இல்ல. ஈரல் பக்கம் வலி இருந்தப்ப, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல இருக்கற தமனியை வெட்டி ரத்தம் எடுக்கச் சொல்லி கனவு வந்துச்சுன்னு தனக்கே வெட்டிக்கிட்டவரு. ஆனா அதே ஆளு ரோம்ல ஜஸ்டஸ்ங்கிறவரோட மனைவிக்கு என்ன செஞ்சாருன்னு பாருங்க. அந்தம்மாவுக்குத் தூக்கம் இல்ல, காய்ச்சலும் இல்ல, கேட்டா பதில் சொல்ல மாட்டேங்குறாங்க, போர்வைய இழுத்து மூடிக்கிறாங்க. இவரு நாடி பிடிச்சு உக்காந்திருக்கும்போது வெளியில இருந்து வந்த யாரோ, பைலாடிஸ் ஆடுறதைப் பாத்துட்டு வர்றேன்னு சொன்னாங்க. அந்த நேரம் பாத்து அம்மாவோட முகம் மாறுது, நாடி தடுமாறுது. அதோட இவரு முடிவு கட்டிடல. அடுத்த நாள் ஆள் செட் பண்ணி வேற ஒரு டான்சர் பேரைச் சொல்ல வச்சாரு, நாடியில ஒண்ணும் இல்ல. அதுக்கு மறுநாள் இன்னொருத்தர் பேரு, அப்பவும் ஒண்ணும் இல்ல. திரும்ப பைலாடிஸ்னு சொன்னதும் நாடி துள்ளுது. காதல் நோய்தான்னு அப்பத்தான் உறுதி பண்ணாரு. ஒரு தடவை கண்ணுல பட்டதை நம்பாம, பேரை மாத்தி மாத்தி சோதிச்சுப் பாத்திருக்காரு பாருங்க, இன்னிக்கு ஆராய்ச்சியில கன்ட்ரோல்னு சொல்றோமே அது கிட்டத்தட்ட இதேதான், ரெண்டாம் நூற்றாண்டுல.

திங்கள், பெர்காமா

டெலிஃபெரிக்ல (கேபிள் கார்) மலை மேல ஏறினோம். லைப்ரரி இருந்த இடம், ட்ராஜன் கோயிலோட வெள்ளை மார்பிள் தூண்கள், ஜீயஸ் பலிபீடம் இருந்த மேடை. பலிபீடத்தோட சிற்பங்கள் இப்ப பெர்லின்ல, இங்க படிக்கட்டும் ரெண்டு பைன் மரமும்தான். தியேட்டர் செங்குத்தா மலைச்சரிவுல இறங்குது, மேல் வரிசையில நின்னா காலு கூசுது. இதெல்லாம் நெட்டுல நிறைய பேர் எழுதியிருக்காங்க, நான் விட்டுடறேன்.

நான் பாக்க வந்தது கீழ இருக்கற ஆம்ஃபிதியேட்டர். மேல இருந்து தம்பிதான் கண்டுபிடிச்சான், "அக்கா அங்க பாரு, மரத்துக்கு நடுவுல ஒரு வளைவு". ஓடை ஓடுற பள்ளத்துக்கு மேல கட்டினது, பெரும்பாலும் புதர் மூடிக் கிடக்கு, சமீப வருஷங்கள்ல ஜெர்மன்காரங்க தோண்டி ஆராய்ஞ்சுக்கிட்டு இருக்காங்க. கிளாடியேட்டர்கள் வெட்டுப்பட்டது அங்கதான்.

157ல, 28 வயசுல அலெக்சாண்ட்ரியாவுல இருந்து திரும்பி வந்த கேலனை ஊரோட தலைமைப் பூசாரி கிளாடியேட்டர் டாக்டரா நியமிச்சாரு. அதுக்கு முன்னாடி ஒரு பொதுச் செயல்விளக்கம். ஒரு குரங்கோட வயித்தைக் கிழிச்சு குடலை வெளிய எடுத்துட்டு, கூடியிருந்த மத்த டாக்டர்களை யாராவது உள்ள வச்சு சரி பண்ணுங்கன்னு கூப்பிட்டாரு. யாரும் வரல. அவரே செஞ்சு காட்டினாரு. இன்னிக்கு வாசிக்கும்போது அந்தக் குரங்கை நெனச்சு எனக்கு வயிறு பிசையுது, அதை மறைச்சு எழுத எனக்கு இஷ்டம் இல்ல. ஆனா வேலைக்கு வந்தப்புறம் முந்தின டாக்டர்கள் காலத்தை விட சாவு ரொம்பக் குறைஞ்சுதுன்னு அவரு எழுதியிருக்காரு, அதுக்கு என்ன காரணம்னு பாத்தா எனக்கு நல்லாப் புரியுது.

புண்ணை அவரு காய விடல. ஒயின்ல நனைச்ச துணியை வச்சு, மேல மென்மையான ஸ்பாஞ்ச் வச்சு, ராத்திரியும் பகலும் ஈரம் போகாமப் பாத்துக்கிட்டாரு. ஆல்கஹால் கிருமியைக் கொல்லும்னு அவருக்குத் தெரிய வழியே இல்ல, ஆனா எந்தப் புண்ணு எப்படி ஆறுதுன்னு உத்துப் பாத்து வந்த பழக்கம். டிரெஸ்ஸிங் காஞ்சு புண்ணோட ஒட்டிக்கிட்டா, பிரிக்கும்போது புதுசா வளர்ந்த தசையும் சேர்ந்து பிஞ்சு வரும், பேஷண்ட் வலியில பல்லைக் கடிப்பாங்க. அதனாலதான் நாங்க சலைன் ஊத்தி நனைச்சு நனைச்சு மெதுவா எடுப்போம், புண்ணோட ஈரப்பதம் காக்குற டிரெஸ்ஸிங் இப்ப உலகம் முழுக்க வழக்கம். அந்த நனைஞ்ச துணியைப் பத்திப் படிச்சப்ப, கூட வேலை பாக்குற சீனியர் ஒருத்தரோட பேசின மாதிரி இருந்துச்சு எனக்கு.

சாப்பாட்டையும் கவனிச்சிருக்காரு. கிளாடியேட்டர்களுக்கு தினமும் பார்லியும் மொச்சை மாதிரி ஒரு பயறும் போட்ட கஞ்சி, அதனால உடம்பு ஊதுதே தவிர சதை கெட்டியா இல்லன்னு குறை சொல்லி எழுதியிருக்காரு.

என் கணக்குல கேலனை கேலன் ஆக்கினது ரோம் இல்ல, இந்தப் பள்ளத்துல நடந்த வேலைதான். 162ல ரோம் போனதுக்கு அப்புறம்தான் புகழ் வந்துச்சு, சரி. அங்க பெரிய மனுஷங்க முன்னாடி பன்னியை வச்சு செஞ்ச செயல்விளக்கம் ரொம்பப் பிரசித்தம். பன்னி கத்திக்கிட்டே இருக்கும், கழுத்துல மெல்லிசா ஒரு நரம்பை நூலால கட்டுவாரு, கத்தல் நின்னுடும், அவுத்தா திரும்பக் கத்தும். குரல் வர்றது இதயத்துல இருந்துன்னு சொல்லிக்கிட்டிருந்தவங்களுக்கு, இல்ல, கட்டளை மூளையில இருந்து வருதுன்னு கண்ணு முன்னாடி காட்டினாரு. அந்த நரம்பு நெஞ்சு வரைக்கும் இறங்கி வளைஞ்சு மறுபடி தொண்டைக்கு ஏறுது. எங்க வார்டுல தைராய்டு ஆபரேஷன் முடிஞ்சு பேஷண்ட் கண் முழிச்சதும் பேரு என்னன்னு கேட்டு பேச வைப்போம், குரல் கம்மியிருக்கான்னு பாக்க. இதே நரம்புதான்.

கீழ இறங்கும்போது கிசில் அவ்லுவும் பாத்தோம், சிவப்புச் செங்கல்ல எகிப்திய சாமிங்களுக்குக் கட்டின ராட்சசக் கோயில், அதுக்கு அடியில சுரங்கம் வச்சு ஆறே ஓடுது. கால் வலி. இத்தோட தூங்கப் போறேன்.

செவ்வாய், மனிசா

இன்னிக்கு முழுக்க மருந்து. மனிசாவுல மெசிர்னு ஒரு லேகியம், 41 சரக்கு சேர்த்தது. சுல்தான் சுலைமானோட அம்மா ஹஃப்சா சுல்தானுக்கு உடம்பு முடியாம இருந்தப்ப மெர்கெஸ் எஃபெண்டிங்கிறவரு செஞ்சு கொடுத்து குணமாச்சுன்னு கதை. வருஷா வருஷம் மார்ச் மாசத்தை ஒட்டி மசூதி மினாரெட்ல இருந்து ஜனங்க மேல பொட்டலமா வீசுவாங்க, 2012ல யுனெஸ்கோ பட்டியல்லயும் ஏறிடுச்சு. 1539ல கட்டின பழைய மருத்துவமனை இப்ப மருத்துவ வரலாற்று மியூசியம்.

கடையில ஒரு டப்பா வாங்கி வாயில போட்டா முதல்ல இனிப்பு, அப்புறம் கிராம்பு, பட்டை, கடைசியா தொண்டையில மிளகு உறைப்பு. "நம்ம தீபாவளி லேகியம்க்கா"ன்னு தம்பி கத்திட்டான்.

இந்த மாதிரி பல சரக்கு மருந்துக்கெல்லாம் பெரிய முன்னோடி தீரியாக். நீரோ மன்னனோட டாக்டர் ஆண்ட்ரோமாக்கஸ் செஞ்சது, 64 சரக்கு, விரியன் பாம்புக் கறி, அபின் எல்லாம் உண்டு. மார்கஸ் அவுரேலியஸ் தினம் சாப்பிட்டாரு, தயார் பண்ணிக் கொடுத்தது கேலன். அரண்மனைக் கிடங்குல பழைய மன்னர்கள் காலத்துல வந்த பட்டையைக் கூட எடுத்துத் தரம் பாத்திருக்காரு. இந்த மருந்துக்கெல்லாம் மிளகு வேணும், மிளகுக்கு ரோம் நம்ம பக்கத்து முசிறியைத்தான் நம்பி இருந்துச்சு. பொன்னைக் கொண்டு வந்து மிளகை ஏத்திக்கிட்டுப் போன யவனர் கப்பலை அகநானூறு பாடுது. கேலன் ஜீரணத்துக்குச் சொல்ற ஒரு மருந்துல கருப்பு மிளகு, வெள்ளை மிளகு, திப்பிலி மூணும் சேரும். நம்ம திரிகடுகத்துல சுக்கு, மிளகு, திப்பிலி. எவ்வளவு பக்கத்துல இருக்கு பாருங்க.

கேலனோட வைத்தியம் இன்னும் நம்ம ஊர்ல உயிரோட இருக்கு. சென்னை அரும்பாக்கத்துல அரசு யுனானி மருத்துவக் கல்லூரி இருக்கே, அங்க படிக்கிறவங்களுக்கு ஜாலினூஸ்னா யாருன்னு தெரியும், அரபியில கேலன் பேரு அதுதான். ஜவாரிஷ் ஜாலினூஸ்னு வயித்துக் கோளாறுக்கு ஒரு லேகியம், மஸ்தகி, குங்குமப்பூ, ஏலக்காய், சுக்கு, மிளகு, திப்பிலி போட்டது, யுனானி மருந்துக் கடையில இப்பவும் கிடைக்கும்.

இவரோட எல்லாமே நல்லதுன்னு சொல்ல மாட்டேன். ரத்தம், சளி, மஞ்சப்பித்தம், கரும்பித்தம்னு நாலு நீர்மங்கள் சமமா இருக்கணும்னு அவரு கெட்டிப்படுத்தின கணக்கு, ரத்தம் வடிய விடுற சிகிச்சையை 19ம் நூற்றாண்டு வரை இழுத்துட்டு வந்துச்சு. ரத்தம் ஏத்த வேண்டிய ஆளுக்கு ரத்தத்தை எடுத்தா என்ன ஆகும், எத்தனை உயிர் போயிருக்கும்.

வியாழன், இஸ்தான்புல்

சுலைமானியே மசூதி வளாகத்துல அந்தக் காலத்துலயே மருத்துவப் பள்ளியும் ஆஸ்பத்திரியும் உண்டு. அங்க இருக்கற கையெழுத்துப் பிரதி நூலகத்துலதான் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் எழுதின ஒரு கடிதத்தோட பிரதி இருக்கு. ஒன்பதாம் நூற்றாண்டு பாக்தாத் டாக்டர், கிறிஸ்தவர். கேலனோட 129 நூல்களைப் பட்டியல் போட்டு, எதை யாரு சிரியாக் மொழியில மாத்தினாங்க, எதை அரபியில மாத்தினாங்க, எந்தப் பிரதி பிழையா இருந்துச்சுன்னு ஒண்ணு ஒண்ணா எழுதி வச்சிருக்காரு. நான் வெளி முற்றத்துலதான் நின்னேன், ஆராய்ச்சிக்காரங்களுக்குத்தான் உள்ள வேலை. அதுவே எனக்குப் போதும்.

ஹுனைன் மாதிரி மொழிபெயர்த்தவங்க மட்டும் இல்லன்னா கேலன்ல பாதி போயிருக்கும். உடற்கூறு செய்முறைன்னு அவரு எழுதின பெரிய நூல்ல பின்பாதி கிரேக்கத்துல அழிஞ்சு போச்சு, அரபியில மட்டும்தான் தப்பிச்சுது. அரபு டாக்டர்கள் சும்மா காப்பி எடுத்தவங்களும் இல்ல. கீழ்த்தாடை ரெண்டு எலும்புன்னு கேலன் சொன்னதை, 1200 வாக்குல எகிப்துப் பஞ்சத்துல செத்தவங்க எலும்புகளைப் பாத்து, இல்ல ஒண்ணுதான்னு அப்துல் லத்தீஃப் எழுதினாரு. இதயத்தோட நடுச்சுவர்ல ஓட்டை வழியா ரத்தம் போகுதுன்னு கேலன் சொன்னதை 13ம் நூற்றாண்டுல இப்னுல் நஃபீஸ் மறுத்து, ரத்தம் நுரையீரல் வழியாத்தான் சுத்திப் போகுதுன்னாரு.

கேலன் ஏன் தப்பு பண்ணாருன்னா ரோம்ல மனுஷ உடம்பை அறுக்க வழி இல்ல. குரங்கு, பன்னி, மாடுதான். ஆனா மாணவர்களுக்கு என்ன சொன்னாரு தெரியுமா, எலும்பைப் புத்தகத்துல படிக்காதீங்க, கண்ணால பாருங்க, அலெக்சாண்ட்ரியா போங்கன்னு. ஆத்து வெள்ளம் கல்லறையில இருந்து அரிச்சுட்டு வந்த ஒரு உடம்பையும், மலைப்பாதையில செத்துக் கிடந்து பறவைங்க தின்னு எலும்பான ஒரு கொள்ளைக்காரனையும் தான் எப்படி உக்காந்து பாத்தேன்னு எழுதியிருக்காரு. பின்னாடி ஐரோப்பிய காலேஜ்ல என்ன ஆச்சுன்னா, பேராசிரியர் உயரமான நாற்காலியில உக்காந்து கேலனை வாசிப்பாரு, கீழ நாவிதர் ஒருத்தர் பிணத்தை அறுப்பாரு, ரெண்டும் ஒத்துப்போகலன்னாலும் யாரும் கேக்க மாட்டாங்க. கையை அழுக்காக்கிக்கிட்ட மனுஷனைத் தூக்கி நாற்காலியில உக்கார வச்சுட்டாங்களேன்னு எனக்கு அவ்வளவு கோபம். கடைசியில வெசாலியஸ்ங்கிற உடற்கூறு பேராசிரியர் கீழ இறங்கித் தானே அறுத்து 1543ல தன் புத்தகத்தைப் போட்டாரு, 1628ல ஹார்வி ரத்த ஓட்டத்தை நிரூபிச்சாரு. அந்த வெசாலியஸ் தன் புத்தகத்துக்கு ரெண்டு வருஷம் முன்னாடி வரை கேலன் நூல்களோட லத்தீன் பதிப்புக்கு வேலை பாத்தவருங்கறதை நிறைய பேர் சொல்றதில்ல. கேலனைக் கரைச்சுக் குடிச்சதாலதான் கேலன் எங்க தப்பு பண்ணாருன்னு அவருக்குப் பிடிபட்டுச்சு.

192ல ரோம்ல நடந்த தீ விபத்துல இவரு கிடங்குல வச்சிருந்த புத்தகம், மருந்து எல்லாம் சாம்பலாச்சு. அந்த இழப்பைப் பத்தி அவரே எழுதின ஒரு நூல் 2005ல தெஸ்ஸலோனிக்கியில ஒரு மடாலயத்துல கிடைச்சுது, பிரெஞ்சு ஆய்வு மாணவர் ஒருத்தர் கண்டுபிடிச்சாரு. ஒரு விஷயத்தை எப்படி நிரூபிக்கணும்னு அவரு எழுதின 15 பகுதி நூல் மட்டும் இன்னும் முழுசா கிடைக்கல. ஹுனைனே அதைத் தேடி மெசபடோமியா, சிரியா, பாலஸ்தீனம், எகிப்துன்னு அலெக்சாண்ட்ரியா வரை அலைஞ்சு, டமாஸ்கஸ்ல பாதியளவு மட்டும் கிடைச்சுதுன்னு எழுதியிருக்காரு. 2005ல ஒண்ணு கிடைச்ச மாதிரி இதுவும் கிடைக்கும்னு நான் நம்புறேன், கிடைச்சா முதல்ல படிக்கணும்னு ஆசையா இருக்கு.

நாளைக்கு ஊருக்கு ஃபிளைட். பெர்காமா போறவங்க மலைக்கும் அஸ்க்லேபியோனுக்கும் தனித்தனி நாள் ஒதுக்குங்க, ஒரே நாள்ல முடிக்கப் பாத்தா ரெண்டையும் ஓட்டமா ஓடித்தான் பாக்க வேண்டியிருக்கும்.